கேட்ஸ்பி நாவல்: பச்சை விளக்கு என்றால் நம்பிக்கை, அவ்வளவுதானா?

நூலகமூலை:
எம்.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) பற்றி 2,000 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு, பாத்திரங்களும் இடங்களும் குறியீடாவது. எந்த கைடைப் புரட்டினாலும் அதே பட்டியல்: பச்சை விளக்கு நம்பிக்கை, சாம்பல் பள்ளத்தாக்கு சீரழிவு, அங்கே விளம்பரப் பலகையில் வரைந்த எக்கிள்பர்க்கின் கண்கள் கடவுள், வெள்ளை தூய்மை. இதைத் தாண்டி எழுத எங்கிருந்து தொடங்கலாம்? கண்களைக் கடவுள் என்று சொல்வது தவறா?

பழையபக்கம்:
அந்தப் பட்டியலை நாவலைத் திறக்காமலே எழுதிவிடலாம். அதுதான் அதன் குறை. ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அத்தியாயத்தில் வருகிறது, யார் கண்ணில் படுகிறது, அப்போது கதை எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள்.

பச்சை விளக்கையே பாருங்கள். 1ஆம் அத்தியாயத்தின் முடிவில் புதுப் பணக்காரன் கேட்ஸ்பி இருட்டில் விரிகுடாவை நோக்கிக் கை நீட்டி நிற்கிறான். பக்கத்து வீட்டுக்காரனும் கதைசொல்லியுமான நிக்குக்குத் தெரிவது தூரத்தில் ஒரு சின்னப் பச்சை ஒளி மட்டும். அது யார் வீட்டுத் துறையில் எரிகிறது என்பது அவனுக்கு அப்போது தெரியாது. 5ஆம் அத்தியாயத்தில் கேட்ஸ்பி காதலிக்கும் டெய்ஸி அவன் பக்கத்திலேயே நிற்கிறாள். மூடுபனியில் விளக்கு கண்ணுக்குத் தெரியவில்லை, அது அவள் வீட்டுத் துறையில் எரிவதைக் கேட்ஸ்பிதான் வாயால் சொல்கிறான். சொன்ன மாத்திரத்தில் அது வெறும் படகுத்துறை விளக்காகிவிட்டது, அவனுடைய மாயப் பொருள்களில் ஒன்று குறைந்துவிட்டது என்று நிக் நினைக்கிறான். 9ஆம் அத்தியாயத்தில் கேட்ஸ்பி உயிரோடு இல்லை. டச்சு மாலுமிகள் முதன்முதலாகக் கண்ட பசுமையான கரையோடு நிக் அந்த ஒளியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். எட்டாதவரைதான் அந்த விளக்குக்கு மதிப்பு. "நம்பிக்கை" என்று ஒரே சொல்லில் முடித்தால் 5ஆம் அத்தியாயத்தை என்ன செய்வீர்கள்?

வரைபடம்:
இடங்களுக்கு முதல்ல ஒரு தாள்ல படம் போடுங்க. வெஸ்ட் எக் புதுப் பணக்காரங்க இடம், எதிர்க்கரைல ஈஸ்ட் எக் பரம்பரைப் பணக்காரங்க இடம், நடுவுல விரிகுடா. லாங் ஐலண்ட்ல உள்ள கிரேட் நெக், மான்ஹாசெட் நெக் ரெண்டும்தான் இதுக்கு மூலம். ஃபிட்ஸ்ஜெரால்டு 1922ல இருந்து 24 வரை கிரேட் நெக்ல குடியிருந்தவர். ரெண்டு நிலமும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே வடிவம், கொலம்பஸ் கதை முட்டை மாதிரி அடி தட்டையானவைன்னு நாவலே சொல்லுது. வித்தியாசம் மண்ணுல இல்ல, மனுஷங்க மனசுலதான்.

வெஸ்ட் எக்குக்கும் நியூயார்க்குக்கும் ஏறக்குறைய பாதி வழில சாம்பல் பள்ளத்தாக்கு. ரோடும் ரயில்பாதையும் கால் மைல் தூரத்துக்கு அங்க ஒட்டிப் போகுது. பக்கத்து ஆத்துல படகு போக பாலம் தூக்குவாங்க, அதனால ரயில் ஒரு நிமிஷமாவது நின்னுதான் போகணும். அப்படி நிக்கிறதாலதான் டெய்ஸி புருஷன் டாமோட காதலி மிர்ட்டிலை முதல்ல பார்க்க நேர்ந்ததுன்னு நிக் சொல்றான். பழைய பணமோ புதுப் பணமோ, நகரத்துக்குப் போறவன் அந்தச் சாம்பலைக் கடக்காம போக முடியாது. "சீரழிவு"ன்னு எழுதறதைவிட இது பலமான வாதம்.

இன்னொண்ணு, அது கற்பனைச் சாம்பல் இல்ல. குவீன்ஸ்ல கொரோனா பகுதில புரூக்ளின் நிலக்கரி அடுப்புச் சாம்பலைக் கொட்டின மேடு நிஜமாவே இருந்துச்சு. பிறகு அதைச் சமப்படுத்தித்தான் 1939 உலகக் கண்காட்சி நடத்தினாங்க. நகரம் குளிர்காய எரிச்சது போக மிச்சம் அங்க கிடக்கு; மிர்ட்டிலும் அவ புருஷன் வில்சனும் அதுக்குள்ள குடியிருக்காங்க.

ஓரக்குறிப்பு:
கண்களைப் பற்றி: கடவுள் என்று நாவல் எங்கும் சொல்லவில்லை, வில்சன் சொல்கிறான். 8ஆம் அத்தியாயத்தில், மனைவி மிர்ட்டில் கேட்ஸ்பியின் காரில் அடிபட்டுச் செத்த மறுநாள் விடியலில், அந்தப் பலகையைப் பார்த்துக் கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறான். பக்கத்திலிருக்கும் அண்டைவீட்டு மைக்கேலிஸ், அது விளம்பரம் என்று பதில் சொல்கிறான். இந்த இரண்டு வரியையும் சேர்த்து எழுதாவிட்டால் வாதம் விழுந்துவிடும். கண் மருத்துவர் போட்டுவிட்டுப் போன, சாயம் மங்கிய பலகை அது. கடவுளைத் தேடுகிறவனுக்கு அந்த இடத்தில் கிடைத்தது அதுதான்.

அந்தக் கண்களுக்கு எதிரில், 3ஆம் அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் விருந்துக்கு வரும் ஆந்தைக்கண்காரரை நிறுத்துங்கள். அவருக்கும் பெரிய கண்ணாடி. கேட்ஸ்பியின் நூலகத்தில் இருப்பவை அட்டைப் போலிகள் அல்ல, நிஜப் புத்தகங்கள் என்று கண்டுபிடிக்கிறார். ஆனால் பக்கங்கள் வெட்டப்படவில்லை என்றும் கவனிக்கிறார். அந்தக் காலத்துப் புத்தகங்கள் பலவற்றில் தாள் மடிப்பை வாசகரே கத்தியால் கீறித்தான் படிக்க முடியும். கீறாத புத்தகம் படிக்காத புத்தகம். விருந்துக்கு வந்த கூட்டத்தில் கேட்ஸ்பியின் அடக்கத்துக்கு வந்து சேர்ந்தவரும் இவரே.

நூலகமூலை:
நன்றி. நிறங்களையும் சேர்க்கலாமா? கேட்ஸ்பி, டெய்ஸியை "இவர் இதன் குறியீடு" என்று எழுதலாமா?

பழையபக்கம்:
நிறத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1ஆம் அத்தியாயத்தில் டெய்ஸியும் அவள் தோழி ஜோர்டனும் வெள்ளை உடை. 5ஆம் அத்தியாயத்தில் அவளைப் பார்க்க வரும் கேட்ஸ்பிக்கு வெள்ளை சூட், வெள்ளி நிறச் சட்டை, பொன்னிற டை. தூய்மையைவிடப் பணக்கார வர்க்கத்தைத்தான் அந்த வெள்ளை காட்டுகிறது. ஆனால் முதல் விருந்துக்கு நிக்கும் வெள்ளை ஃபிளானலில்தான் போகிறான், ஆகவே ஒவ்வொரு வெள்ளைக்கும் பொருள் தேட வேண்டாம். மிர்ட்டிலை மோதிய கேட்ஸ்பியின் காரை நிக் இளம் பழுப்பு கலந்த வெண்மை என்கிறான், விபத்தைப் பார்த்தவர் மஞ்சள் என்கிறார், மைக்கேலிஸ் போலீஸிடம் இளம்பச்சை என்று சொல்கிறான். நிறம் பார்ப்பவரைப் பொறுத்து மாறுகிறது என்பதே எழுதத்தக்க செய்தி.

பாத்திரத்தைக் குறியீடு என்று முடிக்காமல், மற்றவர் அவரை எப்போது குறியீடாக்குகிறார் என்று கேளுங்கள். டெய்ஸியின் குரல் முழுக்கப் பணம் என்று 7ஆம் அத்தியாயத்தில் சொல்வது கேட்ஸ்பிதான்.

வரைபடம்:
ஒரு எச்சரிக்கை. சின்ன வயசு கேட்ஸ்பி ஹோபாலாங் கேசிடிங்கிற கௌபாய் கதைப் புத்தகத்துல எழுதின தினசரி அட்டவணைல 1906 செப்டம்பர் 12ன்னு தேதி இருக்கும். அந்தப் புத்தகம் வெளிவந்ததே 1910ல. அந்தத் தேதிக்கு மறைபொருள் சொல்லாதீங்க, ஆசிரியர் கைத்தவறு. ஆனா உடற்பயிற்சி, மின்சாரம் படிக்கிறதுன்னு மணிக்கணக்கா போட்ட அட்டவணை தன் சுயசரிதைல இதே மாதிரி தினசரி அட்டவணை தந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினை ஞாபகப்படுத்துதுன்னு தாராளமா எழுதலாம்.

2,000 சொல்லுக்கு விளக்கும் சாம்பலும் போதும், நிறத்துக்கு ஒரு பத்தி. மேற்கோளுக்குப் பக்க எண்ணோட அத்தியாய எண்ணும் போடுங்க, பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும்.