இன்ஜின் விளக்கு எரிந்தால் வீட்டிலேயே கை வைக்கலாமா?

நெடுவழி: வண்டி நிற்கும்போது இன்ஜின் நடுங்குகிறது, எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி0302 என்று வருகிறது. பட்டறையில், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் நான்கு இக்னிஷன் காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். நானே பார்க்கலாமா?

திருப்புளி: தாராளமாக. இரண்டாம் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதுவும் சொல்லவில்லை. இன்ஜின் ஆறியதும் சாவியை எடுத்துவிட்டு, இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் காயில்களை இடம் மாற்றி மாட்டுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் கெட்டிருக்கிறது. பி0302 நகராமல் நின்றால் ஸ்பார்க் பிளக்கையும் அதேபோல் மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்); அது பட்டறை வேலை.

மெல்லநட: சொல்வது சுலபம். பழைய காயிலின் ரப்பர் உறை பிளக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கி சூட்டில் வெந்து, நகம் பட்டாலே முறியும். குறியீட்டை அழித்தால், பழுது பதிவான நொடியில் இருந்த வேகம், சூடு, சுமை விவரங்களும் அதோடு போய்விடும். பிறகு வருகிற மெக்கானிக் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

திருப்புளி: அழிக்கும் முன் திரையைப் படம் எடுத்தால் போயிற்று. காயிலை முதலில் இடமும் வலமும் லேசாகத் திருகி, பிடி தளர்ந்ததும் நேராக மேலே இழுத்தால் ரப்பர் கிழியாது. இதற்கெல்லாம் பயந்தால் வைப்பர் பிளேடுகூட மாற்ற முடியாது.

மின்னோட்டம்: குறுக்கிடுகிறேன். எதையும் கழற்றும் முன் பேட்டரியை மீட்டரால் அளந்தீர்களா? வோல்டேஜ் குறைந்தாலே சம்பந்தமில்லாத குறியீடுகள் வரும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.7 வரை. ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றி அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தையை மட்டும் செய்யாதீர்கள். அப்போது எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம்.

மெல்லநட: அந்த மீட்டர் தரும் துணிச்சல்தான் எனக்குக் கவலை. ஏர்பேக் ஒயரில் ஓம் மீட்டரை வைத்தால் அதன் சிறு மின்சாரமே பையை வெடிக்க வைக்கக்கூடும். ஹைப்ரிட் வண்டியின் ஆரஞ்சு நிறக் கேபிள் உயிரையே எடுக்கும். நெடுவழி, ஒன்று சொல்லுங்கள்: விளக்கு நிலையாக எரிகிறதா, சிமிட்டுகிறதா?

நெடுவழி: பேட்டரி 12.6 காட்டுகிறது. விளக்கு சாதாரணமாக நிலையாகத்தான் எரிகிறது. ஏற்றத்தில் அழுத்தினால் சிமிட்டுகிறது.

மெல்லநட: அப்படியானால் சாலையில் சோதனையே கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். காயிலைவிடப் பல மடங்கு விலை அது.

திருப்புளி: சரி, ஓட்டச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நடுக்கம் நின்ற இடத்திலேயே இருப்பதால் அங்கேயே சில நிமிடம் பார்த்தால் போதும். சிலிண்டர்வாரியாகத் தவறிய எரிப்புகளை எண்ணிக் காட்டும் ஸ்கேனர் என்றால் இன்னும் நல்லது.

மெல்லநட: காயில் வரை சம்மதம். பிளக்கைத் தொடுவதானால், அளவோடு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வேண்டும். பிளக் மாட்டும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் மரை போனால் இந்தப் பேச்செல்லாம் வீண். பட்டறையிலும் எந்தச் சோதனையைச் செய்து நான்கையும் மாற்றச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

திருப்புளி: டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கலாம். பிளக்கைக் கையாலேயே மரை பிடிக்கும் வரை சுற்றிவிட்டு, அதன் பிறகு ரெஞ்சை வையுங்கள்.