விசிறியை நிறுத்திய பக்கம்: எழுத்தாளர்களை நேரில் பார்த்த அனுபவங்கள்

சிவதாபுரத்திலிருந்து

எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. இருபது வருடமாகக் கொலுசுக்குச் சலங்கை வைத்துப் பற்றவைக்கிற வேலை செய்கிறேன். கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். அதனால் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நூலகத்துப் புத்தகங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். அப்படிக் கேட்ட ஒரு நாவலில் எங்களைப் போலவே ஒரு கொலுசுக்காரி வந்தாள். சந்தோஷத்தில் அன்றைக்கு வேலையே ஓடவில்லை. ஆனால் ஓரிடத்தில் மகளை நிறுத்தச் சொன்னேன். அவள் பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள், தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தது.

விசிறி ஓடினால் தீ ஆடும். தீ ஆடினால் சூடு ஒரே இடத்தில் நிற்காது. பற்று உருகிச் சேருவதற்குள் கம்பி உருகிப் போனாலும் போகும், அத்தனையும் நஷ்டம். சித்திரை வெயிலிலும் விசிறியை நிறுத்திவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவோம். முதுகில் வேர்வை ஓடுவதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியாது. இதெல்லாம் அந்தப் பக்கத்தில் இல்லை.

சேலம் புத்தகத் திருவிழாவில் அந்த எழுத்தாளர் கையெழுத்துப் போட வந்திருந்தார். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், “அக்கா, கதை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஆனா விசிறி ஓடாதுங்க” என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் பேனாவை மூடினார். பின்னால் நின்றவர்களிடம் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தார். புகை எங்கே போகும்? குழந்தை அழுதால் யார் தூக்குவார்கள்? சாயங்காலம் கூட்டிச் சேர்க்கிற குப்பைக்கு என்ன பெயர்? பட்டறை மண் என்றேன். அதிலும் வெள்ளித் தூள் இருக்கும், அதை வாங்கிச் சலித்து எடுக்க ஆள் வருவார்கள் என்றேன். எல்லாவற்றையும் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்டேன். எப்போதுங்க எழுதுவீங்க? காலை நாலு மணியிலிருந்து பால்காரர் மணி அடிக்கும்வரை என்றார். பகலெல்லாம் பள்ளிக்கூட வேலை. 300 ரூபாய் புத்தகம் விற்றால் அவருக்கு 30 ரூபாய், அதுவும் வருடக் கடைசியில்தானாம். கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் கழிப்பறைக்குள் ஒளிந்து எழுதியதைச் சொல்லி, “எனக்குச் சமையலறையிலயாவது இடம் இருக்கே” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நானும் கல்யாணமான புதிதில் வார இதழை அரிசிப் பானைக்குள் வைத்துப் படித்தவள்.

ஒன்றரை வருடம் கழித்து வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. அந்த நாவலின் இரண்டாம் பதிப்பு. மகள் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தாள். அந்தக் கொலுசுக்காரி எழுந்து போய் விசிறியை நிறுத்துகிறாள். அறை அடங்குகிறது. அவ்வளவுதான், இரண்டே வரி. அந்த இரண்டு வரியை மட்டும் அன்றைக்கு நாலைந்து தடவை வாசிக்கச் சொன்னேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

எடப்பாடியிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் நானும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சிறுகதை எழுதுகிறேன். பல வருடம் முன்பு ஓர் இதழுக்கு அனுப்பிய கதை அச்சில் வந்தபோது, பொடக்காலி கொல்லைப்புறம் ஆகியிருந்தது. ஒறம்பரை உறவினர்கள் ஆகியிருந்தது. நோம்பி பண்டிகை ஆகியிருந்தது. என் அம்மா வாழ்நாளில் பண்டிகை என்று சொன்னதே இல்லை. கதையில் பேசுவது என் அம்மா. அவர் வாயில் வேறு யாருடைய பேச்சோ இருந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் எதையும் அனுப்பவில்லை.

பிறகு ஒரு கூட்டத்தில் மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கி. ராஜநாராயணன் 1982-லேயே கரிசல் சொற்களுக்கு அகராதி கொண்டுவந்துவிட்டார், கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் பெருமாள்முருகன் 2000-ல் கொண்டுவந்தார், “ரெண்டையும் வாங்கி மேசை மேல வெய்யி கண்ணு, அடுத்த தடவ மாத்துனா பக்க எண்ணோட எழுதி அனுப்பு” என்றார். அப்படியே செய்தேன். அடுத்த கதையில் ஒரு சொல்லும் மாறவில்லை.

அந்தக் கொங்கு அகராதி செய்த பெருமாள்முருகன்தான் 2015 ஜனவரியில், இனி எழுதப் போவதில்லை என்று அறிவித்தார். திருச்செங்கோடு எங்களுக்குப் பக்கம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் சேலம் மாவட்டம்தான். அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலில் திருச்செங்கோட்டுக் கோயில் வந்ததற்காக எதிர்ப்பும் கடையடைப்பும் நடந்த அந்த நாட்களில் நான் எழுதி வைத்திருந்த ஒரு கதையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதில் எங்கள் ஊர்க் கோயிலின் பெயர் இருந்தது. பயந்தேன் என்று இப்போது எழுதுவதற்குக்கூடக் கஷ்டமாக இருக்கிறது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, அவர் மறுபடி எழுத வேண்டும் என்று முடித்தது. 2023-ல் அவருடைய ‘பூக்குழி’யின் மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்தது. பீரோவிலிருந்த கதையைப் போன வருடம்தான் வெளியே எடுத்தேன். கோயில் பெயரை மாற்றவில்லை.

ஏற்காட்டிலிருந்து

நான் கீழே சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். யாராவது ஊர் கேட்டால் சேலம் என்று சொல்லிவிடுவேன். ஏற்காடு என்றால் சுற்றுலாவைப் பற்றிக் கேட்பார்கள். எங்கள் சனத்துப் பெயர் மலையாளி என்றால் கேரளாவா என்பார்கள். நாங்கள் சேர்வராயன் மலைக்காரர்கள், பேசுவது தமிழ் என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து விளக்க வேண்டும்.

எங்கள் கல்லூரிக்கு ஓர் எழுத்தாளர் வந்தார். பேச்சு முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடமும் ஊர் கேட்டார். அன்றைக்கு என்னவோ உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கேரளா என்று கேட்கவில்லை. “காஞ்சிபுரத்துலேர்ந்து அண்ணன் தம்பி மூணு பேரு வந்த கதை உங்க வீட்லயும் சொல்வாங்களாம்மா?” என்றார். சொல்வாங்க சார், பாட்டி சொல்வாங்க என்றேன். “பாட்டி அதை எப்படி ஆரம்பிப்பாங்க? முதல் வார்த்தை என்ன?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை, முதல் வார்த்தை தெரியவில்லை. எங்கள் சனத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் வெளியாட்கள் எழுதியது, அதில் பாட்டியின் வார்த்தை எப்படி இருக்கும்?

அந்தச் சனிக்கிழமை பேருந்து ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அதே யோசனைதான். பாட்டியிடம் கேட்டதும், “ஆருக்குச் சொல்றதுக்கு?” என்று திருப்பிக் கேட்டார். சின்னப் பிள்ளைக்கு என்றால் வேட்டை நாயிலிருந்து ஆரம்பிப்பாராம். கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு என்றால் இங்கே வந்து அவர்கள் பெண் கட்டியதிலிருந்து. தன்னோடு சாமை குத்திய தோழிகளுக்கு என்றால் கடைசியிலிருந்துகூடச் சொன்னதுண்டாம். “உனக்கு எதுலேர்ந்து வேணும்?” என்றார்.

ஒவ்வொன்றாகக் கைபேசியில் பதிந்து, அப்புறம் நோட்டில் எழுதுகிறேன். பாட்டி பேசுகிற மாதிரியே, ஒரு சொல்லையும் மாற்றாமல். எடப்பாடி அண்ணன் சொன்ன அகராதிகளில் இந்தச் சொற்கள் இருக்காது என்று நினைக்கிறேன், அதனால் ஓரத்தில் பொருளும் எழுதி வைக்கிறேன். இதுவரை பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது. இப்போது எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற காலம். பாட்டி பொழுது சாய்ந்து வந்து, விரலெல்லாம் கறையோடு அப்படியே படுத்துவிடுகிறார். பறிப்பு முடிந்த பிறகுதான் மீதியைக் கேட்க வேண்டும்.