சென்னைக்குத் தனியாக வரும் 22 வயதுப் பெண்: கூட ஆள் போவதுதான் பாதுகாப்பா?

மலைச்சாரல்:
அக்கா மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி சோழிங்கநல்லூரில். மேடவாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியை அவளே ஃபோனில் பேசி வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் திங்கட்கிழமை சேர வேண்டும். சனிக்கிழமை தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, ஞாயிறு விடிகாலை தாம்பரத்தில் இறங்கிக்கொள்கிறேன், யாரும் வர வேண்டாம் என்கிறாள். அத்தான் ஒரே பிடியாக நிற்கிறார்: வீட்டு ஆண் ஒருவர் கூடப் போகாமல் அனுப்ப முடியாதாம். அவருக்கு முழங்கால் வலி, எனக்குக் கடை. அதனால் சேரும் தேதியை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்கிறார். முதல் வேலையிலேயே அப்படிக் கேட்க மாட்டேன் என்று அவள் அழுகிறாள். நான் அவள் பக்கம்தான், ஆனால் அத்தானிடம் பேச எனக்கு விவரம் போதவில்லை. சென்னையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு பெண்ணின் அப்பா:
உங்கள் அத்தான் சொல்வதுதான் சரி. பழமைவாதி என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், என் பெண்கள் இருவரும் வெளியூரில்தான் படித்தார்கள். ஆனால் நடப்பதைப் பாருங்கள். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை நேரத்தில், பயணிகள் கண் முன்னால் ஒரு பெண்ணை வெட்டிக் கொன்றான் ஒருவன். 2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயில் முன்னால் தள்ளினான் இன்னொருவன். 2025 பிப்ரவரியில் கோவை - திருப்பதி இன்டர்சிட்டியில், அதுவும் பெண்கள் பெட்டியில், ஒரு கர்ப்பிணியை ரயிலிலிருந்தே தள்ளிவிட்டான். கூட ஒருவர் போய்வர ஸ்லீப்பரில் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். அதில் என்ன கௌரவக் குறைச்சல்?

சேலையூர்க்காரி:
அண்ணா, நீங்கள் சொன்ன மூன்றும் நடந்தவைதான். ஆனால் முதல் இரண்டும் ஊரிலிருந்து தனியாக வந்த பெண்களுக்கு நடந்தவை அல்ல. இருவருமே சென்னையில் பெற்றோரோடு வாழ்ந்தவர்கள். நுங்கம்பாக்கத்தில் அந்தப் பெண்ணை அன்று காலை நிலையத்தில் கொண்டுவந்து விட்டுப் போனதே அவருடைய அப்பாதான் என்று அப்போது எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. கொலைக்கு முன்பே அந்த ஆள் பின்தொடர்ந்துகொண்டிருந்தான் என்றும் வந்தது. பரங்கிமலையிலும் முன்பே தொந்தரவு கொடுத்துவந்த ஆள்தான்.

அதனால் அத்தான் கேட்க வேண்டிய கேள்வி 'யார் கூடப் போவது' என்பதல்ல. 'உன் பின்னால் எவனாவது சுற்றினால் என்னிடம் சொல்வாயா' என்று கேட்க வேண்டும். என் விடுதித் தோழிகளில் பலர் வீட்டில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த வண்டியிலேயே ஊருக்கு வரச் சொல்வார்கள், வேலை போய்விடும் என்ற பயம். ஒரு ரயில் பயணத்துக்கே இவ்வளவு அமர்க்களம் பண்ணும் வீட்டில், அந்தப் பெண் நாளைக்கு எதைத்தான் சொல்வாள்?

ரயில்பிரியன்:
மூன்றாவது சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது ரயில் விஷயம். அது முன்பதிவு இல்லாத பெண்கள் பெட்டி. கூட இருந்த பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட்டார்கள், அங்கேதான் அவன் ஏறினான். கேரளத்தில் 2011 பிப்ரவரியில் எர்ணாகுளம் - ஷொர்ணூர் பாசஞ்சரில் நடந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஆள் காலியான பெண்கள் பெட்டி. 'பெண்கள் பெட்டி' என்ற பலகையைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. பெட்டி காலியானால் அடுத்த நிலையத்தில் இறங்கி, கூட்டம் இருக்கும் பெட்டிக்கு மாறிவிட வேண்டும். டிக்கெட் பரிசோதகர் கேட்டால் கேட்கட்டும். தனியாக வரும் பெண்ணிடம் டிக்கெட் இல்லாவிட்டால்கூட நடுராத்திரியில் ஏதோ ஒரு சின்ன நிலையத்தில் இறக்கிவிட முடியாது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 139. அவள் ஏறிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகரம், இவற்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில்.

பொதிகை முன்பதிவு ஸ்லீப்பர் வேறு உலகம். ராஜபாளையம், சிவகாசி, விருதுநகர் என்று குடும்பம் குடும்பமாக ஏறிக்கொண்டே இருப்பார்கள். மதுரை தாண்டும்வரை புளிசாத வாசனைதான். மேல் பர்த் எடுக்கச் சொல்லுங்கள். நடந்து போகிறவன் கை தற்செயலாகப் படுகிற மாதிரி படுவது கீழ் பர்த்தில்தான். ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று 6 பர்த் தனி ஒதுக்கீடு உண்டு, தனியாகப் போகும் பெண் எந்த வயதானாலும் கேட்கலாம். தொந்தரவு என்றால் 139க்கு அடிக்கலாம். பிரிவும் 139, ஃபோன் எண்ணும் 139, மறக்காது. தனியாக வரும் பெண்களைப் பெட்டியில் வந்து பார்த்து விசாரிக்க ரயில்வே பாதுகாப்புப் படை 2020 முதல் 'மேரி சஹேலி' என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. எல்லா வண்டியிலும் வருவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மதுரைமணி:
காலம் கெட்டுக் கிடக்கிறது. தென்காசியிலேயே ஒரு வேலை பார்க்கலாமே, எதற்கு இந்த வம்பு?

சேலையூர்க்காரி:
என்ன வேலை சார்? ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பதா? நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் இந்த மாநிலத்தில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. போகட்டும், ஊருக்குள் இருந்தால் யாரும் தொட மாட்டார்களா? பாலியல் வல்லுறவு வழக்குகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குற்றவாளி பெண்ணுக்குத் தெரிந்தவன்தான் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் சொல்கிறது. சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், பழகியவன்.

கறுப்புக்கோட்டு:
வழக்கறிஞனாக ஒரு சின்னத் திருத்தம். அந்தப் புள்ளிவிவரம் சரி, ஆனால் அதை வைத்து 'வெளியில் பயமில்லை' என்று சொல்லிவிட முடியாது. அது புகாராகப் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகளின் கணக்கு. பேருந்தில் இடிப்பவன், ஆட்டோவில் கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பார்ப்பவன், இதெல்லாம் காவல் நிலையம் வரை வருவதே இல்லை. அந்தத் தொல்லையைத் தருவது பெரும்பாலும் முன்பின் தெரியாதவன்தான். அதனால் அப்பா சாரின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம்.

புகார் பற்றி ஒன்று. எங்கே நடந்தது, எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகாரை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். 'இது எங்க லிமிட் இல்லம்மா' என்றால் இந்தப் பிரிவைச் சொல்லச் சொல்லுங்கள். குரலை உயர்த்தாமல் எண்ணைச் சொன்னாலே பல இடங்களில் நாற்காலி கிடைக்கும்.

இரண்டு பெண்ணின் அப்பா:
நன்றி வக்கீல் சார். நான் சொல்ல வந்ததை எல்லோரும் ரயிலோடு முடித்துவிட்டார்கள். கூடப் போகிறவன் பாடிகார்டு இல்லை. முதல் தடவை போய் விடுதியை நேரில் பார்க்க வேண்டும். கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, சுற்றுப்புறம் எப்படி, டாஸ்மாக் எவ்வளவு தூரம், வார்டன் எப்படிப் பேசுகிறார்? ஃபோனில் பேசி முடித்த விடுதி என்கிறீர்கள். பல விடுதிகளில் பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்பார்கள். அப்பனோ மாமனோ ஒருவன் வந்து நின்று பேசிவிட்டுப் போனால், கேட்க ஆள் இருக்கிறது என்று விடுதிக்காரருக்கும் ஒரு பயம் இருக்கும். இதை எந்த ஆப்பும் செய்யாது.

சேலையூர்க்காரி:
கையெழுத்து விஷயம் உண்மை, அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் 'பயம் இருக்கும்' என்பதை ஏற்க மாட்டேன். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ரகசியக் கேமராக்கள் கிடைத்தது நினைவிருக்கிறதா? வைத்தவன் அந்த விடுதியை நடத்தியவனே. கண்டுபிடித்தது தங்கியிருந்த பெண்கள்.

விடுதியில் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும். 'லைசென்ஸ் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்' என்று ஒரு செய்தி போதும். 'இதோ அனுப்புறோம்' என்று சொல்லி இரண்டு நாள் இழுத்தால் வேறு விடுதி பாருங்கள். அப்புறம், அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் ஒரு பெண்ணோடு வார்டன் இல்லாத நேரத்தில் பேச வேண்டும். தண்ணீர் வருகிறதா என்று ஆரம்பித்தால் மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டையும் தென்காசியில் உட்கார்ந்தே செய்யலாம். வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கிறது. இடம் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அங்கிருந்து தினமும் சோழிங்கநல்லூர் போய்வருவது அலைச்சல்.

மலைச்சாரல்:
எல்லாவற்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். ரயிலில் அவளுக்குப் பயமே இல்லையாம். இரண்டு பெரிய பைகளோடு இருட்டில் தாம்பரத்தில் இறங்கி எந்தப் பக்கம் போவது என்பதுதான் அவள் கவலை. லைவ் லொகேஷன் போட்டுவிட்டால் போதும் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறாள்.

சேலையூர்க்காரி:
கிழக்குப் பக்கம். மேற்கில் இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலை, அங்கே ஆட்டோக்காரர்கள் பையைப் பிடுங்காத குறைதான். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் போக கிழக்குத் தாம்பரம் வழியாக வெளியே வந்து வேளச்சேரி சாலையைப் பிடிக்க வேண்டும். ஆனால் இருட்டாக இருந்தால் வெளியே வரவே வேண்டாம். பெண்கள் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, ஒரு காபி குடித்து, நன்றாக விடிந்த பிறகு கிளம்பட்டும். ஞாயிற்றுக்கிழமை, என்ன அவசரம்?

ஆட்டோவுக்கு அரசு 2013இல் போட்ட கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆப்பில் கார் போட்டு, வண்டி எண்ணைச் சரிபார்த்து, அதன் பிறகு ஆப்பில் வரும் PIN நம்பரை டிரைவரிடம் சொல்லட்டும். 2025 மார்ச்சில் தொடங்கிய பிங்க் ஆட்டோ இருக்கிறது, பெண்களே ஓட்டுவது. அந்த நேரத்தில் அங்கே கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஃபோனில் தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி செயலியும், அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்களும் இருக்கட்டும்.

ரயில்பிரியன்:
லைவ் லொகேஷன் வாட்ஸ்அப்பில் அதிகபட்சம் 8 மணி நேரம்தான். பொதிகைப் பயணம் அதைவிட நீளம். சாயங்காலம் ஏறும்போது போட்டால் நடுராத்திரியில் தானாக நின்றுவிடும், வீட்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து ஃபோன் மேல் ஃபோன் அடிப்பார்கள், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அத்தோடு கலவரம். வண்டி எங்கே போகிறது என்று பார்க்க 'வேர் இஸ் மை டிரெயின்' செயலி போதும். லொகேஷனைத் தாம்பரத்தில் இறங்கியதும் போடட்டும்.

இரண்டு பெண்ணின் அப்பா:
விவரமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. இத்தனையும் தெரிந்த பெண்ணாக அவள் இருந்தால் நானும் சரி என்பேன். இது நாம் இங்கே உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது. விடிகாலையில் ஏதாவது ஒன்று பிசகினால், கார் வராவிட்டால், விடுதிக் கதவு திறக்காவிட்டால், அவள் கையில் என்ன இருக்கிறது?

சேலையூர்க்காரி:
என் நம்பர். சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் பக்கம்தான். மலைச்சாரல் சார், தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அக்காவை என்னிடம் பேசச் சொல்லுங்கள். அத்தான் வேண்டாம், முதலில் அக்கா.

இரண்டு பெண்ணின் அப்பா:
பாருங்கள், கடைசியில் நீங்களும் ஒரு துணையைத்தானே ஏற்பாடு செய்கிறீர்கள்.

சேலையூர்க்காரி:
நான் வேண்டும் என்றால் அவள் கூப்பிடுவாள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். உங்கள் துணைக்கு அந்த வசதி உண்டா அண்ணா?

மலைச்சாரல்:
அக்கா பேசிவிட்டார். அத்தான் இன்னும் முழுதாக இறங்கிவரவில்லை. 'இந்த மாதம் தனியாகப் போகட்டும், அடுத்த மாதம் நான் வந்து விடுதியைப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் மாற்ற வேண்டும்' என்கிறார். அவள் சரி என்றுவிட்டாள். இப்போது வேறு சிக்கல். ஒரு டிக்கெட்டா இரண்டா என்ற சண்டையில் யாருமே டிக்கெட் எடுக்கவில்லை. சனிக்கிழமைக்கு வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிறது. பஸ்ஸில் அனுப்பலாமா?

ரயில்பிரியன்:
பஸ் வேண்டாம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம்தான், அங்கிருந்து பையோடு இன்னொரு வண்டி மாற வேண்டும். முதலில் பெண்கள் ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறதா பாருங்கள், பலர் அந்தப் பட்டனை அழுத்துவதே இல்லை. அதுவும் இல்லையென்றால் ஸ்லீப்பர் தட்கல், வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குத் திறக்கும். ஆதார் இணைத்த ஐஆர்சிடிசி கணக்கு வேண்டும். கணக்கு அவளுடையதா, உங்களுடையதா? இணைக்காவிட்டால் இன்றே இணைத்துவிடுங்கள், 10:55க்கு உட்கார்ந்து ஓடிபிக்குக் காத்திருந்தால் தட்கல் டிக்கெட் போயே போய்விடும்.