வடகம் தாளித்த வாசனையில் யார் வந்து நின்றார்கள்? அனுபவங்களை எழுதுங்கள்

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பையன்

அம்மா போனபிறகு வந்த முதல் ஆடி. அந்தச் சித்திரை வெயிலில் அவர் வெங்காயம் பூண்டு இடித்துப் போட்ட தாளிப்பு வடகம் ஜாடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தங்கச்சி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எண்ணெய் காய்ந்ததும் ஒரு உருண்டையை உதிர்த்துப் போட்டாள். அந்த வாசனையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பிப் பார்த்தால் அப்பா அடுப்படியில் நிற்கிறார். தண்ணீர் வேண்டுமென்றாலும் கூடத்திலிருந்தே குரல் கொடுக்கிற மனுஷன். எங்கள் இருவரையும் பார்க்காமல் நேராக வந்து கேஸைக் குறைத்தார். "வெந்தயம் கருகிடும், கசக்கும்." அவ்வளவுதான், போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அது அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா எப்போதாவது சொன்னதா, கூடத்தில் உட்கார்ந்தபடி மூக்காலேயே படித்ததா? கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது. மிச்சம் இருக்கும் உருண்டைகளைத் தங்கச்சி யாரையும் தொட விடுவதில்லை.

முத்தியால்பேட்டை மருமகள்

என் நாத்தனார் மகன் பாரிஸில் இருக்கிறான். பாண்டிச்சேரியில் தெருவுக்கு நாலு வீடு அப்படித்தானே. லீவுக்கு வந்தவன் ஒரு கண்ணாடிக் குப்பியை மாமியார் கையில் கொடுத்தான். மேலே 'வாதுவான்' என்று லேபிள். "ஆயா, நம்ம வடகம்தான். அங்க பெரிய பெரிய ஓட்டல்ல மீனுக்கெல்லாம் போடறாங்க."

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து மறுபடி முகர்ந்தார். "வெங்காயம் இருக்கு, பூண்டு இருக்கு. இதுல வெயில் இல்லையேடா!"

பையன் முகம் விழுந்துவிட்டது. ஓவனில் வறட்டிய பொடி போலிருக்கிறது. குப்பியை அவர் சமையலுக்கு எடுக்கவில்லை, தூக்கியும் போடவில்லை. சாமி அலமாரியில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஏன் அங்கே என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பலாக்காட்டுக்காரன், பண்ருட்டி

2011 டிசம்பர் 30, தானே புயல். எங்கள் முந்திரியும் பலாவும் ஒரே காலையில் சாய்ந்தன. கரண்ட் கிடையாது, காய்கறி கிடையாது. அம்மா புளியைக் கரைத்து வடகம் தாளித்துக் குழம்பு வைத்தார். அடுப்பில் எரிந்தது தாத்தா வைத்த பலா. பச்சை விறகு, வீடெல்லாம் புகை. அப்பா அந்தக் குழம்பைத் தொடவே இல்லை. சரி, அதை விடுங்கள்.

ஓ.டி. பையனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வடகத்தை நினைவுப் பொருள் மாதிரி வைத்திருந்தால் ஒருநாள் வண்டுதான் மிஞ்சும். நல்ல வெயில் நாளில் எடுத்துக் காய வையுங்கள். லேசாக விளக்கெண்ணெய் தடவிப் பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டுங்கள். பிளாஸ்டிக் டப்பா கூடவே கூடாது. அதைவிட, புதிதாக நீங்களே போடுங்கள். சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடியுங்கள், மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும். பூண்டைத் தோலோடு தட்டுங்கள். உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை. பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைத்து, மறுநாள் உதிர்த்துக் காய வைத்து, சாயங்காலம் திரும்ப உருண்டை பிடியுங்கள். உள்ளே ஈரம் போகும்வரை இதே வேலைதான். அக்னி நட்சத்திரத்தில் போட்டால் சீக்கிரம் முடியும். மேகம் கட்டினால் அன்றைக்குப் போடாதீர்கள், பூசணம் பிடிக்கும். இதையெல்லாம் செய்யாமல் வாசனை, ஞாபகம் என்று எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாரிஸ் குப்பிதான் கிடைக்கும்.

குருசுக்குப்பம் வாசி

வடகம் இல்லை, சாயோ. வியட்நாமிலிருந்து பாண்டிக்கு வந்த பொரித்த ரோல். எழுதலாம்தானே?

ஒரு கல்யாண வரவேற்பு. சாயோ வந்தது, பக்கத்தில் தக்காளி சாஸ். எனக்கு அடுத்த நாற்காலியில் வயதான ஒரு அம்மா. சைகோனில் பிறந்தவராம், அப்பா பிரெஞ்சுப் பட்டாளம், 1954க்கு அப்புறம் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார்கள். தட்டைத் தொடாமல் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டுச் சுற்றிச் சாப்பிட இலையும் புதினாவும் கேட்டார். அவன் முழித்துவிட்டு, பிரியாணிக்கு வைத்திருந்த பச்சடியைக் கொண்டுவந்தான். அவங்க வீட்டில் லெட்டூஸ் இலையில் புதினா வைத்துச் சுருட்டி, மீன் சாற்றில் தொட்டுச் சாப்பிடுவார்கள். பையனுக்கு அது எங்கே தெரியும்?

அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சாயோவை அதில் சுருட்டிக் கடித்தார். நிதானமாக மென்றார். "இது இல்ல" என்றார். ஆனால் முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னொரு வெற்றிலைக்குக் கை நீட்டினார்.

பண்ருட்டி நண்பர் இதற்கும் செய்முறை எழுதுவார் என்று நினைக்கிறேன்.

மஞ்சக்குப்பம் ரேவதி

விளக்கெண்ணெய் எல்லா வீட்டிலும் கிடையாது. எங்கள் ஆயா நல்லெண்ணெய்தான், வண்டு வந்ததே இல்லை. அப்புறம், அந்தத் தங்கச்சிக்கு வேண்டியது சமையலுக்கா? ஜாடியை அவளிடமே விட்டுவிடுங்கள்.

என் கதை சின்னது. பெரியம்மா கொடுத்த வடகப் பையை மடியில் வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் போகிறேன். வாசனைக்கு முன்சீட்டுப் பையன் ஜன்னலைத் திறந்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "கொஞ்சம் காட்டும்மா" என்று பையை வாங்கி முகர்ந்தார். "பெருஞ்சீரகம் போட்டிருக்காங்க. யாரு, தேவனாம்பட்டினத்துக்காரங்களா?"

பெரியம்மா பிறந்தது தேவனாம்பட்டினம். கல்யாணமாகி அந்த ஊரை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகிறது. நீங்கள் யார், எந்தத் தெரு என்று கேட்க வாயெடுத்தேன். கன்னியக்கோயில் வந்துவிட்டது. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பெரியம்மாவிடம் சொன்னால், "நெத்தியில பொட்டு எப்படி வெச்சிருந்தா? குட்டையா, ஒசரமா?" என்று குடைகிறார். எனக்குக் கூடை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. தேவனாம்பட்டினத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், கன்னியக்கோயிலில் வாக்கப்பட்டவர்கள் யார் யார் என்று சொல்லுங்களேன்.