பெற்றோரை இழந்த பிள்ளையின் நிலத்தை 18 வயது வரை பூட்டி வைக்கலாமா?

தாமிரபரணி:
2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, உத்தராகண்ட் முதல்வராக இருந்த தீரத் சிங் ராவத் ஓர் அறிவிப்புச் செய்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய். அதோடு, அவர்கள் மேஜர் ஆகும்வரை பரம்பரைச் சொத்தை யாரும் விற்க முடியாதபடி சட்டம் வரும், பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கும் என்றார். அதே மாதம் தமிழ்நாடு அரசும் தாய் தந்தை இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளை பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை என்று அறிவித்தது. 18 வயதில் வட்டியோடு கைக்கு வரும். அந்தப் பணத்தை எந்தச் சொந்தக்காரனும் தொட முடியாது. ஆனால் அப்பன் விட்டுப்போன ரெண்டு ஏக்கருக்கு அந்தக் காவல் இல்லை. பிள்ளைக்கு 18 முடியும்வரை அந்தச் சர்வே எண்ணில் எந்தப் பத்திரமும் பதிவாகக் கூடாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

கோர்ட்டு வாசல்:
மறுக்கிறேன். நான் மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவன். 1956-ஆம் ஆண்டு மைனர் காப்பாளர் சட்டப்படி இந்துக்களில் இயற்கைக் காப்பாளர் அப்பாவும் அம்மாவும்தான். கல்யாணமான மைனர் பெண் என்றால் கணவர். சித்தப்பா, தாய்மாமன், தாத்தா யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. அப்பா அம்மாவே விற்பதானாலும் 8-ஆம் பிரிவின்படி கோர்ட் அனுமதி வேண்டும். அவசியமோ, பிள்ளைக்குக் கண்கூடான நன்மையோ இல்லாமல் அனுமதி தரக்கூடாது. பிள்ளையை வளர்க்கிறேன் என்ற ஒரே காரணத்தால் சித்தப்பா விற்றால் 11-ஆம் பிரிவின்படி அது செல்லவே செல்லாது. மற்ற மதத்தவரும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுக் காப்பாளர் நியமனம் பெறலாம். இதற்கு மேல் பூட்டு எதற்கு?

தாமிரபரணி:
சார், செல்லாது என்று யார் போய்ச் சொல்வது? ஒன்பது வயதுப் பிள்ளையா?

மேலத்தெரு சித்தப்பா:
நானும் ஒரு சித்தப்பாதான், அதனால் பேசுகிறேன். அண்ணனும் மதினியும் போனபிறகு ரெண்டு பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் வளர்கிறார்கள். அண்ணன் பங்கு மானாவாரி நிலம், பாதிக்கு மேல் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் அவர் வாங்கிய கடன் வேறு அதன்மேல் நிற்கிறது. மூத்தவளுக்கு நர்சிங் சேர ஆசை. ரோட்டோரம் இருக்கிற துண்டை விற்றால் கடனும் அடையும், அவள் படிப்பும் முடியும். நீங்கள் சொல்கிற பூட்டு வந்தால், 18 வயதில் அவள் கைக்குக் கடனேறிய காடு வரும், படிப்பு வராது. அப்புறம் இன்னொன்று. கூட்டுப் பட்டாவில் ஐந்து பேர் பெயர் இருக்கும். சர்வே எண்ணையே பூட்டினால் சம்பந்தமில்லாத நாலு பேரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். சொந்தத்தில் இருக்கிறவன் எல்லாம் திருடன் என்ற நினைப்பில் சட்டம் போட்டால், நாளைக்கு எந்தச் சித்தப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவான்?

தாமிரபரணி:
அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் நல்ல மனசு இருக்கிறது என்பதற்காகக் கணக்கு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

கோர்ட்டு வாசல்:
கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. நியமிக்கப்பட்ட காப்பாளரிடம் சொத்துப் பட்டியல், ஜாமீன் பத்திரம், வரவு செலவு எல்லாவற்றையும் கோர்ட் கேட்கலாம். விற்க அனுமதி கொடுத்தால், மைனர் பங்குப் பணத்தை அரசு வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு ரசீதைத் தாக்கல் செய்யும்படி பெரும்பாலும் உத்தரவு வரும். மேலத்தெரு அண்ணன் செய்ய வேண்டியது அதுதான். காப்பாளர் நியமன மனு, கூடவே விற்பனைக்கு அனுமதி மனு.

பத்திரக்கடை:
ரெண்டு பேரும் விற்பனையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். நான் சார்பதிவாளர் அலுவலகம் எதிரில் பத்திரம் எழுதுகிறவன். பிள்ளையின் சொத்து பெரும்பாலும் விற்பனைக்கு வருமுன்பே போய்விடுகிறது. நிலம் தாத்தா பெயரில் இருக்கும். அப்பா முதலில் இறந்திருப்பார், தாத்தா அப்புறம் போவார். தாசில்தாரிடம் தாத்தாவுக்கு வாரிசுச் சான்று கேட்கும்போது உயிரோடு இருக்கிற மகன், மகள் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். முன்னால் இறந்த மகனுடைய பிள்ளையும் முதல் வகுப்பு வாரிசு, அப்பாவின் பங்கு அப்படியே பிள்ளைக்கு வரும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பெயர் விட்டுப்போனதைக் கேட்க ஆளில்லை. அந்தச் சான்றை வைத்துப் பட்டா மாறும், பாகப்பிரிவினைப் பத்திரம் வரும். பத்திரத்தில் மைனர் என்ற சொல்லே இருக்காது. பிறகு எதை வைத்துப் பூட்டுவீர்கள்? வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் பதிவான பத்திரம்தான் தெரியும், பட்டா எப்படி மாறியது என்பது அதில் வராது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பிரிக்காத கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் 8-ஆம் பிரிவே பொருந்தாது என்று 1996-இல் நாராயண் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பத் தலைவர் என்ற முறையில் பெரியப்பா கோர்ட் படியே ஏறாமல் பிள்ளை பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுக்கலாம். வக்கீல் சார் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கோர்ட்டு வாசல்:
அங்கேயும் குடும்ப அவசியம் இருந்தது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம்.

பத்திரக்கடை:
வழக்கு யார் போடுவது என்ற கேள்விக்கே மறுபடி வந்து நிற்கிறோம்.

வடக்குவாசல்:
தாமிரபரணி அண்ணா, 18 வரை பூட்டு என்கிறீர்கள். எனக்கு 18 முடிந்த கையோடுதான் எல்லாம் நடந்தது. அத்தை வீட்டில் வளர்ந்தேன். ஒரு நாள் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார்கள். கல்லூரி உதவித்தொகைக்கு என்று நினைத்தேன். போய் இறங்கியது பதிவு அலுவலகம். கேமரா முன்னால் உட்காரச் சொன்னார்கள், கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். பக்கம் பக்கமாகக் கையெழுத்து. மாமா பக்கத்தில் நின்று தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தார், படிக்க விடவில்லை. அது என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் என்பது வேலைக்குப் போனபிறகு நானே நகல் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "மனப்பூர்வமாக" என்று இருக்கிறது, தொகையைப் பெற்றுக்கொண்டதாகவும் இருக்கிறது. உங்கள் பூட்டு இருந்திருந்தால் அவர்கள் காத்திருந்திருப்பார்கள், அவ்வளவுதான். சாப்பாடு போட்ட வீட்டில் 18 வயதில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

தாமிரபரணி:
அப்படியானால் பூட்டை இன்னும் தள்ளிப் போடுவோம். மத்திய அரசின் பிஎம் கேர்ஸ் திட்டத்தில், கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைக்கு 10 லட்சத்தை 23 வயதில்தானே கொடுக்கிறார்கள்? நிலத்துக்கும் அதே வயதை வைக்கலாம்.

மேலத்தெரு சித்தப்பா:
23 வயதில் கல்யாணமாகிக் கையில் குழந்தையோடு நிற்கிற பெண்ணிடம், உன் நிலத்தை நீயே விற்கக்கூடாது என்பீர்களா? 18-இல் ஓட்டுப் போடலாம், கடனுக்கு ஜாமீன் நிற்கலாம், அப்பா நிலத்தை மட்டும் தொடக்கூடாதா?

வடக்குவாசல்:
விற்கட்டும் அண்ணா. சொந்தக்காரருக்கு இனாமாக எழுதிக் கொடுப்பதை மட்டும் நீதிபதி முன்னால் வைத்துக் கேட்கட்டும். 21 வயது வரை அது ஒன்று போதும்.

கோர்ட்டு வாசல்:
வடக்குவாசல், ஏமாற்றி வாங்கிய பத்திரம் என்றால் அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நகல் எடுத்த தேதியை உடனே பாருங்கள். வக்கீல் செலவுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி 15100.

பொதுவாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைனராக இருக்கும்போது அப்பாவோ அம்மாவோ கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், 21 வயதுக்குள் அதை மறுக்கலாம். அதற்குத் தனி வழக்கே தேவையில்லை, நடத்தையிலேயே மறுத்துவிடலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கர்நாடகாவின் தாவணகெரேயில் மகன்கள் பெயரில் வாங்கிய மனைகளை அப்பா விற்றுவிட்டார். மகன்கள் மேஜரானதும் அவற்றை வேறு ஒருவருக்கு விற்றார்கள். அந்த விற்பனையே மறுப்புத்தான் என்றது கோர்ட்.

பத்திரக்கடை:
சட்டம் வருகிறபோது வரட்டும். தாசில்தார் அலுவலகத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும் என்பேன். வாரிசுச் சான்று மனுவில் "முன்னரே இறந்த பிள்ளைகள் உண்டா, அவர்களின் பிள்ளைகள் யார்" என்று தனிக் கட்டம். இல்லை என்று எழுதினால் கிராம நிர்வாக அலுவலர் தெருவில் விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வளர்கிறது என்பது தெருவுக்குத் தெரியும்.

தாமிரபரணி:
கட்டம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பூட்டும் வேண்டும். விசாரிக்கிற அலுவலரும் அதே ஊர்க்காரர்களோடுதானே டீ குடிக்கிறார்?

மேலத்தெரு சித்தப்பா:
வக்கீல் சார், ஒரு சந்தேகம். பிள்ளைகள் என்னோடு திருப்பூரில் இருக்கிறார்கள், நிலம் விருதுநகர்ப் பக்கம். மனுவை எங்கே போடுவது?

கோர்ட்டு வாசல்:
சொத்துக்கான காப்பாளர் மனு என்றால் பிள்ளை வசிக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்திலும் போடலாம், நிலம் இருக்கிற இடத்திலும் போடலாம். திருப்பூரிலேயே போடுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அண்ணன் மதினி இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா, சங்கத்துக் கடன் நிலுவைச் சீட்டு எல்லாம் எடுத்து வையுங்கள். சங்கத்தில் வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள், அவசியத்தைக் காட்ட அதுதான் முதலில் கேட்பார்கள்.