ஒரு கிலோவுக்கும் கம்மியான குட்டி லேப்டாப்: முதல் ரெண்டு வாரம், என் அனுபவம் (உங்களோடதும் சொல்லுங்க)

ரெண்டு வாரமா ஒரு 12 இன்ச் குட்டி லேப்டாப்ல தான் முழு வேலையும் பாத்துட்டு இருக்கேன், பழகிப்போயி எல்லாம் மறந்துபோறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் பண்றது மொழிபெயர்ப்பும் ப்ரூஃப் பாக்குறதும், அதாவது காலைல இருந்து ராத்திரி வரைக்கும் தமிழ்ல டைப் அடிக்கிற வேலை. இதுவரைக்கும் வச்சிருந்தது 15.6 இன்ச் மெஷின், 2.3 கிலோ, அதோட செங்கல் மாதிரி ஒரு சார்ஜர். ஒரு வருஷமா வலது தோள்பட்டைல வலி. டாக்டர் கிட்ட போனப்போ அவர் முதல்ல கேட்டதே "தினமும் பையில என்ன தூக்கிட்டு போறீங்க"ன்னு தான். அன்னிக்கே மாத்திடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

பெட்டியை பிரிச்ச உடனே கிச்சன் தராசுல வச்சு பாத்தேன். மெஷின் 918 கிராம், சார்ஜர் வயரோட 190 கிராம், ஆக மொத்தம் 1.1 கிலோ சொச்சம். பழைய மெஷினையும் அதோட சார்ஜரையும் சேத்து வச்சா 2.9 கிலோ. இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, விளம்பரத்துல போடுற எடை மெஷினோட எடை மட்டும் தான், சார்ஜரை யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க, நம்ம தோளுக்கு அந்த வித்தியாசம்லாம் தெரியாதுல்ல. டைப்-சி சார்ஜிங் இருக்குற மெஷினா பாத்து வாங்குங்க, போனுக்கும் லேப்டாப்புக்கும் சேத்து ஒரே சார்ஜர் போதும். ஆனா போனோட 18 வாட் சார்ஜரை சொருகி பாத்தேன், ஏறவே இல்ல, சில மெஷின் 20 வோல்ட் கிடைச்சா தான் சார்ஜ் எடுத்துக்கும், அதனால 45 வாட்டுக்கு மேல, பிடி (யூஎஸ்பி பவர் டெலிவரி) ஆதரவு இருக்குற சார்ஜர் தான் வேணும்.

முதல் நாள் பூரா கைக்கு நம்பிக்கை வரல. ஒரு கையால மூடியை தூக்குனா அடிப்பாகமும் சேந்து வருது, அடியில கனம் இல்லாததால ஹின்ஜ் இழுக்குற இழுப்புக்கு ஒட்டிக்கிட்டு வருது, ரெண்டு கையும் வேணும். மடியில வச்சு ஸ்க்ரீனை நல்லா சாய்ச்சா மொத்தமா பின்னாடி சாயுது. மேஜைல வச்சு வேகமா அடிச்சா மெல்ல மெல்ல தள்ளிப்போகுது, அடியில இருக்குற ரப்பர் கால்ல தூசி இருந்தா இன்னும் மோசம், ஈரத்துணியால அந்த நாலு காலையும் தொடச்சதும் நல்லா பிடிச்சு நின்னுடுச்சு.

இனி நான் எழுத வந்த விஷயமே. கீபோர்டு.

சின்ன லேப்டாப்ல கீபோர்டு எப்படி இருக்குன்னு எந்த ரிவியூவ பாத்தாலும் "எழுத்து கீ எல்லாம் ஃபுல் சைஸ், பழகிடும்"னு முடிச்சிடுவாங்க. உண்மை தான், ஏ-ல இருந்து இசட் வரைக்கும் கீக்கு கீ 19 மில்லிமீட்டர் இடைவெளி அப்படியே இருக்கு. அப்புறம் இடத்தை எங்க மிச்சம் பிடிக்கிறாங்க? வலது ஓரத்துல. சதுர அடைப்பு ரெண்டு, செமிகோலன், ஒற்றை மேற்கோள், சாய்வு கோடு, இந்த கீ எல்லாத்தையும் ஒல்லியாக்கிடுவாங்க, இல்லன்னா வேற இடத்துக்கு தூக்கிடுவாங்க. இங்கிலீஷ்ல அடிக்கிறவங்களுக்கு அது அப்பப்போ தேவைப்படுற குறி, அவ்ளோ தான். தமிழ்99ல, அதாவது ஒவ்வொரு கீக்கும் நேரடியா ஒரு தமிழ் எழுத்து இருக்குற கீபோர்டு முறைல அடிக்கிறவங்களுக்கு அங்க தான் எழுத்தே இருக்கு! திறக்குற சதுர அடைப்புல ச, மூடுறதுல ஞ, செமிகோலன்ல ந, மேற்கோள்ல ய, சாய்வு கோட்டுல ழ. தமிழ்ங்கற வார்த்தைய அடிக்கவே சாய்வு கோடு வேணும்.

என் மெஷின்ல ச கீ பாதி அகலம் தான், ஞ அதை விட ஒல்லி. முதல் மூணு நாள் "பஞ்சு"ன்னு அடிக்க போயி என்டரை தட்டி தட்டி வரி உடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு வாக்கியத்துல ச எத்தனை தடவை வருதுன்னு எண்ணி பாருங்க, அப்போ தெரியும் அந்த சுண்டுவிரல் படுற பாடு. ஷிஃப்ட் பக்கத்துல ழ கீயும் சின்னது, அதை அடிக்க போயி மேல் அம்புக்குறியை அமுக்கிடுவேன், கர்சர் ஒரு வரி மேல ஏறி நிக்கும், நான் பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே போக வேற ஒரு வரிக்கு நடுவுல எழுத்து விழும். ப்ரூஃப் பாக்குற வேலைல இது எவ்ளோ பெரிய ஆபத்துன்னு சொல்ல வேண்டியதில்ல. ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் மெதுவா அடிச்சு பழகுனேன், இப்போ ச சரியா விழுது, ழ மட்டும் இன்னும் பத்துல ஒரு தடவை தப்புது. ஃபொனெட்டிக்ல (ammaன்னு அடிச்சா அம்மான்னு வர்ற முறை) அடிக்கிறவங்களுக்கு இந்த தொல்லை இல்ல, அவங்களுக்கு எல்லாமே எழுத்து கீ தான்.

அடுத்தது ஸ்க்ரீன். 2160க்கு 1440, ரொம்ப கூர்மை, ஆனா 100 சதவீத ஸ்கேலிங்ல (திரைல எழுத்தை பெருசாக்குற செட்டிங்) புள்ளி கண்ணுக்கு தெரியல. இங்கிலீஷ் எழுத்து அந்த சைஸ்லயும் படிக்க முடியுது, தமிழ்ல சுழியும் கொம்பும் புள்ளியும் இருக்குறதால அதே சைஸ்ல எல்லாம் ஒன்னோட ஒன்னு அப்பிக்குது. ஓசிஆர் பண்ணி (ஸ்கேன் பண்ணுன பக்கத்தை கம்ப்யூட்டரே படிச்சு எழுத்தாக்குறது) வந்த ஒரு ஃபைல்ல "பாடம்"ங்கறது "பரடம்"னு இருந்துருக்கு, காலுக்கும் ர-வுக்கும் கீழ இருக்குற அந்த சின்ன வால் தான் வித்தியாசம், நான் அதை பாக்காம தாண்டிட்டேன். 150 சதவீதம் வச்சதுக்கு அப்புறம் தான் நிம்மதி. அப்படி வச்சா 1440க்கு 960 அளவுக்கு தான் இடம் கிடைக்கும், ரெண்டு ஃபைலை பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்குறது நெருக்கடி தான். ஆனா 3:2 ஸ்க்ரீன்ங்கறதால உயரம் இருக்கு, ஒரு பக்கத்துல நிறைய வரி தெரியும், எழுத்து வேலைக்கு இது பெரிய வரம்.

ஃபேன் கிடையாது. ராத்திரி எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம் வேலை பாக்குறப்போ அந்த அமைதி எவ்ளோ சுகம்னு வார்த்தைல சொல்ல முடியல, கீ சத்தத்தை தவிர ஒன்னுமே கேக்காது. அதுக்கு விலை, ரெண்டு மணி நேரம் வீடியோ கால்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணுனேன், எண் வரிசைக்கு மேல தொட முடியல, அவ்ளோ சூடு, அப்புறம் சிப் தானா வேகத்தை குறைச்சுக்கிட்டு அடிக்கிற எழுத்து ஒரு நொடி கழிச்சு வந்துச்சு. பேட்டரி 38 வாட்-ஹவர், எழுத்து வேலைன்னா ஏழு மணி நேரம் ஓடுது, வீடியோ கால்னா மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும்.

ஒரே ஒரு வருத்தம், ரேம் 8 ஜிபி எடுத்துட்டேன். போர்டுலயே சால்டர் பண்ணிருக்கு, பின்னாடி கூட்ட வழியே இல்ல. வாங்குறவங்க 16 எடுத்துடுங்க.

உங்க அனுபவத்தையும் சொல்லுங்க, முக்கியமா தமிழ்ல அடிக்கிறவங்க.

*

படிக்க படிக்க பழைய ஞாபகம் எல்லாம் வந்துடுச்சும்மா. நான் 2008ல இருந்து குட்டி கம்ப்யூட்டர் பைத்தியம். அதுக்கு முந்தின வருஷம் தான் ஆசுஸ் ஈ பிசி 701 வந்துச்சு, 7 இன்ச் ஸ்க்ரீன், 800க்கு 480, 512 எம்பி ரேம், 4 ஜிபி தான் இடம், எடை 920 கிராம். உங்க 918ஐ பாத்ததும் அந்த நம்பர் தான் டக்குன்னு ஞாபகம் வந்துச்சு. அதே எடைக்குள்ள இன்னிக்கு எவ்ளோ அடக்கிட்டாங்க பாருங்க! நெட்புக்னு அப்போ பேரு, அடுத்த வருஷமே இன்டெல் ஆட்டம் வந்ததும் எல்லாரும் அந்த மாதிரி போட ஆரம்பிச்சாங்க.

நான் வாங்குனதும் அந்த வகை தான், வேற கம்பெனி, லினக்ஸ். ஸ்க்ரீன் உயரம் பத்தாம செட்டிங்ஸ் பெட்டியோட ஓகே பட்டன் ஸ்க்ரீனுக்கு கீழ போயி ஒளிஞ்சுக்கும். ஆல்ட்டை அமுக்கிக்கிட்டு மவுஸால ஜன்னலை பிடிச்சு மேல இழுத்தா பட்டன் தெரியும், அதை கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நாள் ஆச்சு. கீ எல்லாம் விரல் நுனி அளவு தான். ஆனா அதை வச்சுக்கிட்டு மொட்டை மாடில உக்காந்து முதல் முதலா தமிழ்ல ஒரு முழு கட்டுரை அடிச்சேன் பாருங்க, அந்த சந்தோஷம் அதுக்கப்புறம் எந்த மெஷின்லயும் கிடைக்கல.

1981ல வந்த ஆஸ்பர்ன் 1ஐயும் தூக்கிட்டு போற கம்ப்யூட்டர்னு தான் வித்தாங்க. 11 கிலோ, 5 இன்ச் திரை, பேட்டரியே கிடையாது, போற இடத்துல ப்ளக் பாயின்ட் இருந்தா தான் ஓடும். ரெண்டு வருஷம் கழிச்சு டிஆர்எஸ்-80 மாடல் 100 வந்துச்சு, அதுல எட்டு வரி, வரிக்கு 40 எழுத்து, அவ்ளோ தான் தெரியும், ஆனா நாலு சாதாரண டபுள் ஏ பேட்டரில ஓடும். பத்திரிகைக்காரங்க அதை தூக்கிட்டு போயி சம்பவ இடத்துல இருந்தே செய்தி அடிச்சு டெலிபோன் லைன்ல அனுப்பிட்டு இருந்தாங்க. எழுதுறவங்களுக்கு எப்பவுமே இந்த லேசான மெஷின் மேல தான் கண்ணு.

*

அக்கா, நான் எனக்காக வாங்கல, அம்மாவுக்காக வாங்குனேன். அம்மாவுக்கு மூட்டு வாதம், விரல் எல்லாம் மடங்கி வீங்கிடும். பழைய லேப்டாப்பை அலமாரில இருந்து எடுக்கணும்னா யாராவது வரணும், நாங்க வேலைக்கு போயிட்டா அன்னிக்கு அம்மா அதை தொடவே மாட்டாங்க. இப்போ வாங்குனது 1 கிலோவுக்கு கீழ. வந்த அன்னிக்கு அம்மா அதை ரெண்டு உள்ளங்கையும் விரிச்சு தாம்பாளம் ஏந்துற மாதிரி எடுத்துட்டு போயி ஜன்னல் ஓரமா வச்சுக்கிட்டாங்க. விரலால பிடிக்க வேண்டியதே இல்ல. அந்த காட்சிய பாத்துட்டு நான் ஒன்னும் பேசல, அடுப்படிக்கு போயிட்டேன்.

அம்மாவுக்கு கஷ்டம் மூடியை திறக்குறது தான். மூடி ரொம்ப மெலிசு, விளிம்புல நகம் வச்சு நெம்ப முடியல. மூடியோட முன்பக்கம் ஒரு சின்ன துணி நாடா ஒட்டி விட்டேன், அதை மேல இழுத்தா திறந்துக்குது.

*

நான் மூணு மாசம் வச்சிருந்துட்டு வித்துட்டேன் மேடம். எனக்கு கழுத்து. 12 இன்ச் மெஷின் மேஜைல இருந்தா ஸ்க்ரீன் ரொம்ப தாழ இருக்கு, நாள் பூரா குனிஞ்சே இருக்கணும். ஸ்டாண்ட் வாங்குனேன், ஸ்டாண்ட்ல வச்சா அதுல இருக்குற கீபோர்டுக்கு கை எட்டல, அதனால தனி கீபோர்டு, ரெண்டே போர்ட் இருந்ததால ஒரு ஹப், எல்லாம் சேந்து பை பழையபடி ரெண்டு கிலோவுக்கு மேல போயிடுச்சு. உங்க தோள் வலிக்கு நல்லது தான், ஆனா எட்டு மணி நேரம் அதுலயே வேலைன்னா கழுத்தை பாத்துக்கோங்க.

இன்னொன்னு, மெஷினை மூடி பையில வச்சுட்டு போனா சில நாள் பை உள்ள சுடும், எடுத்து பாத்தா பேட்டரி காலி. ஸ்லீப்ல இருக்குறப்பவே நெட்ல இருந்து ஏதோ இறக்கிக்கிட்டு முழிச்சே இருந்துருக்கு. மூடியை மூடுனா ஹைபர்னேட் (வேலையை டிஸ்க்ல சேமிச்சுட்டு முழுசா அணைஞ்சுடுறது) ஆகுற மாதிரி பவர் ஆப்ஷன்ல மாத்துனதும் சரியாச்சு.

*

கழுத்து விஷயம் நீங்க சொன்னது ரொம்ப சரி சார், எனக்கும் சாயங்காலம் ஆனா லேசா பிடிக்குது. வீட்ல இருக்குறப்போ பழைய மானிட்டரை டைப்-சில மாட்டிக்கிறேன், தனி கீபோர்டு வீட்லயே இருக்கும், அதை தூக்கிட்டு போறதில்ல. வெளிய போறப்போ மட்டும் மெஷினை தனியா எடுத்துட்டு போறேன், அப்போவும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்துடணும். ஹைபர்னேட் இன்னிக்கே மாத்திட்டேன், ரொம்ப நன்றி. அம்மாவுக்கு நாடா ஒட்டுனதை படிச்சுட்டு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு தம்பி.

தனி மெசேஜ்ல ரெண்டு பேர் கேட்டாங்க, வாங்குறதுக்கு முன்னாடி கீபோர்டை எப்படி சோதிக்கிறதுன்னு. நான் ஒரு வரி வச்சிருக்கேன்: "மழை பெய்ஞ்ச நாள்". ழ, ய, ஞ, ச, ந, ஓரத்துல இருக்குற அஞ்சும் இந்த மூணு வார்த்தைல வந்துடும். கடைல பாக்க வச்சிருக்குற மெஷின்ல தமிழ் கீபோர்டு இருக்காது, பரவால்ல, கையை வழக்கமா வைக்கிற மாதிரி வச்சுக்கிட்டு கீயை பாக்காம அந்த வரிய பத்து தடவை அடிங்க. திரைல இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா தான் வரும், பத்து வரியும் ஒரே மாதிரி வந்துருக்கான்னு மட்டும் பாருங்க.

*

தனி மெசேஜ்ல கேட்டவங்கள்ல நானும் ஒரு ஆள் அக்கா, இன்னிக்கு கடைக்கு போயி உங்க வரிய அடிச்சு பாத்துட்டு வந்தேன். மூணு மெஷின் பாத்தேன். முதல்ல பாத்த 11 இன்ச்ல பத்து வரில நாலு வரி தான் ஒழுங்கா வந்துச்சு, அதுல மேற்கோள் கீ ஒல்லியா இருந்ததால ய எல்லாம் என்டர் ஆயிடுச்சு. ரெண்டாவது 7 இன்ச், கைக்குள்ள அடங்குற மாதிரி அவ்ளோ அழகு, ஆனா மேற்கோள் கீ ஸ்பேஸ்பாருக்கு பக்கத்துல கீழ இருந்துச்சு, ய-வை தேடவே வேண்டியிருந்துச்சு. மூணாவது 13 இன்ச், 1.2 கிலோ, பத்துக்கு ஒன்பது. உங்க மெஷினை விட 300 கிராம் கூடத்தான், ஆனா ச கீ முழு அகலம். மனசு அந்த 7 இன்ச் மேலயே இருக்கு, கை மூணாவதை கேக்குது. நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு போயி தூக்கி பாக்க சொல்றேன், அவங்களும் அதுல தான் எழுதப்போறாங்க.