வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் நோட்டு, பேப்பர், சான்றிதழ்: எதை வைத்திருந்தது உதவியது?

கோவை அம்மா:
போன ஜூனில் மகளை அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனேன். அதுவரை வீட்டில்தான் படித்தாள். டிசி இல்லை, மார்க் ஷீட்டும் இல்லை என்றதும் ஆபீசில் தயங்கினார்கள். பள்ளியிலேயே சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது, அதை எடுத்துச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். ஆனால் தலைமையாசிரியைக்கு நம்பிக்கை வந்தது ஃபைலைப் புரட்டிய பிறகுதான். மாதத்துக்கு ஒரு கணக்குத் தாள், அவளே எழுதிய ஒரு தமிழ்ப் பக்கம், ஓர் ஆங்கிலப் பக்கம், படித்த கதைப் புத்தகங்களின் பட்டியல், எல்லாவற்றிலும் தேதி. இரண்டாம் வகுப்பு வயதில் எழுதியதையும் இப்போது எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பின்னத்தில் ஒரு கணக்குக் கொடுத்துப் போடச் சொன்னார், அட்மிஷன் போட்டுவிட்டார்.

வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ரெக்கார்டு வைக்கச் சொல்லி நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து மூட்டை கட்ட வேண்டாம், கொஞ்சம் போதும், தேதி மட்டும் கட்டாயம். எதை வைப்பது என்று மாதக் கடைசியில் அவளே எடுத்துக் கொடுப்பாள் (பிள்ளைகள் எடுப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்). மீதி பழைய பேப்பர் கடைக்கு. தோட்டத்தில் செய்தது, களிமண்ணில் செய்தது எல்லாம் போட்டோவாக.

நெல்லை அப்பா:
தேதி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை அக்கா. எங்கள் பையன் என்ஐஓஎஸ் (பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வைக்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறான். அதற்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும், அவர்கள் பார்ப்பது நோட்டை இல்லை, வயதுச் சான்றையும் பெயரையும்தான். எங்களுக்கு இனிஷியல்தான் தலைவலி. பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை, ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் என் முழுப்பெயர். மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டுத்தான் விண்ணப்பித்தோம். பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயரே ஏறாமல் இருக்கிறவர்கள் இப்போதே பதிந்துவிடுங்கள், பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து முதல் ஒரு வருடத்துக்குக் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

என்ஐஓஎஸ்ஸில் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் டிஎம்ஏ என்கிற அசைன்மென்ட்டுக்கு 20 சதவீத மதிப்பெண் இருக்கிறது. அதை அப்லோடு செய்துவிட்டாலும் எழுதிய தாளை ரிசல்ட் வரும்வரை தூக்கிப் போடாதீர்கள். பாடத்துக்கு ஒரு கிளிப் ஃபைல், மேலே பதிவு எண், அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

மதுரை அம்மா:
அண்ணா சொன்ன இனிஷியல் தொல்லை எங்கள் வீட்டிலும் உண்டு, இன்றைக்கே எடுத்துப் பார்க்கிறேன். என் பங்குக்கு ஒன்று: ஒரிஜினல் சான்றிதழை லேமினேட் பண்ணாதீர்கள், பின்னால் முத்திரை போடவோ எழுதவோ முடியாது, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் போதும். ஃபைல்களைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைத்தால் கரையான் வந்துவிடும். நாங்கள் பரண் பக்கமே போவதில்லை, இரும்பு பீரோவில் வைத்து, பூச்சி வராமல் இருக்க இரண்டு துண்டு வசம்பும் போட்டுவிடுகிறோம். அப்புறம், பெரிய சார்ட் பேப்பரில் வரைந்ததையெல்லாம் மடிக்காமல் எப்படி வைக்கிறீர்கள்? சுருட்டி வைத்தால் ஓரம் கிழிகிறது.